ஆன்லைன் கடைக்கு பேமென்ட் கம்பெனி எப்படி தேர்ந்தெடுக்கறது? தென்னாப்பிரிக்காவுல தொழில் பண்ற நம்மவங்களுக்கு முழு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியான்னு எங்க இருந்தாலும் சரி, சேலை, மசாலா, பூஜை சாமான், பலகாரம் விக்கிறவங்க ஆன்லைன்ல இறங்கும்போது கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான்: "எந்த கம்பெனியில கம்மியா பிடிப்பாங்க?" வாடிக்கையாளர் கட்டற பணத்தை வாங்கி, கட்டணம் பிடிச்சுட்டு நம்ம பேங்க்குக்கு அனுப்பறதுதான் பேமென்ட் கம்பெனி. தேவையான கேள்விதான், ஆனா அதை முதல்ல கேட்டா பதில் தப்பா வரும். நீங்க என்ன விக்கிறீங்க, யாருக்கு விக்கிறீங்க, பணம் எத்தனை நாள்ல கைக்கு வந்தாகணும், இந்த மூணும் தெரியாம ரேட்டை மட்டும் வச்சு கணக்கே போட முடியாது. அதனால இங்க ரேட் ஏழாவதாதான் வருது. வரிசையை மாத்தாம போங்க, ஏன்னா ஒவ்வொரு படியில கிடைக்கற பதிலும் அடுத்த படிக்கு வேணும்.

1. முதல்ல உங்க வியாபாரத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க

எந்த கம்பெனி வெப்சைட்டையும் திறக்காதீங்க இப்போதைக்கு. ஒரு பேப்பர் எடுத்து சின்ன ஆர்டர் எவ்வளவு, பெரிய ஆர்டர் எவ்வளவு, சராசரி எவ்வளவு, மாசத்துக்கு சுமாரா எத்தனை ஆர்டர், எந்த மாசம் எகிறும்னு எழுதுங்க. நம்ம வியாபாரம் வருஷம் பூரா ஒரே மாதிரி ஓடாது, தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம், காவடி சமயம், புரட்டாசின்னா பூஜை சாமானும் சைவ சாமானும், இப்படி அலை அலையாதான் வரும். அதையும் எழுதிடுங்க.

இது எதுக்குன்னா, விண்ணப்பத்துல இதையேதான் கேப்பாங்க. மாசம் பத்தாயிரம் ரேண்ட் வரும்னு நீங்க போட்டுட்டு தீபாவளி வாரத்துல எண்பதாயிரம் வந்தா அவங்க சிஸ்டம் அதை சந்தேகமாத்தான் பாக்கும், பணத்தை நிறுத்தி வச்சுட்டு பில்லு காட்டுங்கன்னு கேக்கும். அது திருட்டைத் தடுக்க வச்ச ஏற்பாடு, ஆனா சரக்கு வாங்க பணம் வேண்டிய நேரத்துல மாட்டிக்கிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்.

இன்னும் ரெண்டு விஷயம் அதே பேப்பர்ல. ஒண்ணு, சாமான் எப்ப கொடுப்பீங்க? இன்னைக்கு பணம் வாங்கி நாளைக்கு அனுப்பறது வேற, ஆறு மாசம் கழிச்சு போற இந்தியா கோயில் டூருக்கு இப்பவே அட்வான்ஸ் வாங்கறது வேற. ரெண்டாவதை ரிஸ்க் அதிகமான தொழிலாத்தான் பாப்பாங்க. இன்னொண்ணு, உங்க தொழிலை அவங்க ஏத்துக்குவாங்களா? எல்லா கம்பெனியும் "இதெல்லாம் எடுக்க மாட்டோம்"னு ஒரு பட்டியல் வச்சிருக்கும். ஜோசியம், பரிகாரம், மருந்து மாதிரி விக்கற மூலிகைப் பொடி, டிக்கெட், இதெல்லாம் சில இடத்துல அந்தப் பட்டியல்ல வரும். விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஈமெயில்ல கேட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. ஒருதடவை கணக்கு திறந்து, அப்புறம் மூடிட்டாங்கன்னா உள்ள இருக்கற பணம் வெளிய வர ரொம்ப நாள் ஆகும்.

2. பேப்பர்களை சரி பண்ணுங்க

இங்கதான் முக்கால்வாசி பேர் நிக்கறாங்க. ஃபீக்கா சட்டப்படி, அதாவது 2001ல வந்த நிதி உளவு மையச் சட்டத்துல இருந்து வர்ற பழக்கம் இது, நீங்க யாருன்னு உறுதி பண்ணாம எந்த கம்பெனியும் உங்களுக்கு பணம் அனுப்பாது.

தனி ஆளா தொழில் பண்றீங்கன்னா உங்க ஐடி, அட்ரஸ் ப்ரூஃப், பேங்க் கன்ஃபர்மேஷன் லெட்டர், இது மூணும் போதும் பெரும்பாலும். பிடிஒய் எல்டிடின்னு பதிவான தனியார் கம்பெனின்னா, கம்பெனிகளைப் பதிவு பண்ற அரசு அலுவலகமான சிஐபிசியோட பதிவுப் பேப்பர், டைரக்டர்கள் எல்லாரோட ஐடி, கம்பெனி பேருல பேங்க் அக்கவுண்ட், இதெல்லாம் சேரும். 2023லேர்ந்து கம்பெனியோட உண்மையான உரிமையாளர் யாருன்னு சிஐபிசியில தாக்கல் பண்ணணும், அதை விட்டுட்டு வர்றவங்க நிறைய, பேமென்ட் கம்பெனி அந்த விவரத்தைக் கேக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

பேரு ஒத்துப்போகணும், இது ரொம்ப ரொம்ப முக்கியம். நம்ம குடும்பப் பேருங்க இங்க ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொரு மாதிரி எழுதப்பட்டிருக்கு, ஐடியில கோவிந்தசாமின்னு முழுசா இருக்கும், பேங்க்ல நடுவுல ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கும், மனுஷன் பாத்தா ஒரே ஆள்னு தெரியும் ஆனா சரிபாக்கறது கம்ப்யூட்டர், அது ரெண்டு பேருன்னு தள்ளிடும். கல்யாணம் ஆன அக்காமாருக்கு ஐடியில புருஷன் வீட்டுப் பேரு, பேங்க்ல அப்பா வீட்டுப் பேருன்னு இருக்கறதும் சாதாரணம். முதல்ல பேங்க்குக்குப் போய் ஐடியில இருக்கற மாதிரியே மாத்துங்க, அப்புறம் புது லெட்டர் வாங்குங்க, அதுக்கப்புறம் விண்ணப்பம்.

அட்ரஸ் ப்ரூஃப் மூணு மாசத்துக்குள்ள வந்ததா இருக்கணும். கூட்டுக் குடும்பமா இருக்கறவங்க வீட்டுல லைட்ஸ் அண்ட் வாட்டர் பில்லு அப்பா பேருலயோ தாத்தா பேருலயோதான் வரும். அப்ப என்ன பண்றதுன்னா, பில்லு யாரு பேருல வருதோ அவரு "இவங்க என் வீட்டுலதான் இருக்காங்க"ன்னு அஃபிடவிட்னு சொல்ற உறுதிமொழிப் பத்திரம் ஒண்ணு எழுதி போலீஸ் ஸ்டேஷன்ல முத்திரை போட்டுக் கொடுக்கணும், அதுக்கு காசு கிடையாது. அந்த அஃபிடவிட், அவரோட ஐடி நகல், அந்த பில்லு, மூணையும் ஒண்ணா சேர்த்து ஸ்கேன் பண்ணி வைங்க. போன்ல வெளிச்சம் அடிச்ச மாதிரி எடுத்த போட்டோ, ஓரம் வெட்டுப்பட்ட போட்டோ இதெல்லாம் அனுப்பினா திரும்பி வரும், ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் வரிசையில கடைசிக்குப் போயிடுவீங்க.

கடைசியா ஒண்ணு, வீட்டுச் செலவு அக்கவுண்ட்லயே வியாபாரப் பணத்தையும் வாங்காதீங்க. தனி ஆளா இருந்தாலும் தனி அக்கவுண்ட் ஒண்ணு திறந்துக்கோங்க. பணம் வந்துடுச்சான்னு தேடறப்ப இதோட அருமை தெரியும்.

3. வெப்சைட்ல இருக்க வேண்டிய பக்கங்கள்

பேமென்ட் கம்பெனியில ஒரு ஆள் உங்க சைட்டை திறந்து பாப்பாங்க. "விரைவில்"னு போட்டு வச்ச சைட்டுக்கு அனுமதி கிடைக்காது. விலையோட சாமான் இருக்கணும், உங்க முழுப்பேரு, நேரடி முகவரி, போன், ஈமெயில், டெலிவரி எத்தனை நாள், திருப்பிக் கொடுக்கற விதிமுறை, தனியுரிமைப் பக்கம், இவ்வளவும் வேணும்.

இது அவங்க பிடிவாதம் மட்டும் இல்ல. 2002ல வந்த மின்னணு பரிவர்த்தனைச் சட்டத்தோட 43ஆவது பிரிவு இந்த விவரங்களை எல்லாம் சைட்டுல போடச் சொல்லுது, டெலிவரி, வரி எல்லாம் சேர்த்து முழு விலையைக் காட்டணும்னும் சொல்லுது. பணம் கட்டற முறை பாதுகாப்பா இருக்கணும், இல்லாம வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஆச்சுன்னா பொறுப்பு கடைக்காரர் மேலதான்னும் அதே பிரிவுல இருக்கு.

44ஆவது பிரிவுப்படி வாங்கினவங்க சாமான் கைக்கு வந்த 7 நாளைக்குள்ள காரணம் சொல்லாமலே வேண்டாம்னு சொல்லலாம், திருப்பி அனுப்பற செலவு அவங்களோடது, 30 நாளைக்குள்ள முழுப் பணத்தை நீங்க திருப்பணும். சாப்பாட்டுச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய் கொடுக்கறதுக்கு இது பொருந்தாது, அளவெடுத்து தைச்ச பிளவுஸ், பரதநாட்டிய டிரஸ் மாதிரி அவங்களுக்குன்னே செஞ்சதுக்கும் பொருந்தாது. ஆனா சாதா சேலைக்கு பொருந்தும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு கடையில எழுதி வைக்கற மாதிரி ஆன்லைன்லயும் போட்டு வச்சிருக்காங்க நிறைய பேரு, அது செல்லாது. பேமென்ட் கம்பெனி ஆளு அதைப் பாத்தாலே திருத்தச் சொல்லுவாங்க.

4. உங்க வாடிக்கையாளர் எப்படி பணம் கட்டுவாங்க?

நீங்க எப்படி கட்டுவீங்கங்கறது முக்கியமில்ல. உங்ககிட்ட ஏற்கனவே வாங்கற ஒரு பத்து பேருகிட்ட போன் பண்ணி கேளுங்க, "ஆன்ட்டி, ஆன்லைன்ல வாங்கினா எப்படி கட்டுவீங்க?"ன்னு. இளவட்டம் கார்டு, போன்ல இருக்கற வாலெட்னு சொல்லும். வயசானவங்க "நான் பேங்க் ஆப்புலேர்ந்து அனுப்பிட்டு வாட்ஸாப்புல ஸ்லிப் போடறேன்"னு சொல்லுவாங்க.

அந்த ஸ்லிப் விஷயத்தை கொஞ்சம் நிதானமா பாக்கணும். பிஓபின்னு நாம சொல்ற அந்த பணம் கட்டின ஸ்லிப், பணம் வந்ததுக்கு சாட்சி இல்ல. சாதா இஎஃப்டி, அதாவது பேங்க் ஆப்புலேர்ந்து நேரா அனுப்பற பணம், ஒரு பேங்க்லேர்ந்து இன்னொரு பேங்க்குக்கு ஒண்ணு ரெண்டு வேலை நாள் எடுக்கும், அந்த இடைவெளியிலதான் ஏமாத்தறவங்க வேலை பாக்கறாங்க. பாத்தா அச்சு அசல் பேங்க் ஸ்லிப் மாதிரியே இருக்கும், சனிக்கிழமை மத்தியானம் அனுப்பி "டிரைவர் வாசல்ல நிக்கறான், சீக்கிரம் கொடுத்தனுப்புங்க"ன்னு அவசரப்படுத்துவாங்க. அக்கவுண்ட்ல பணம் தெரியாம சாமான் வெளிய போகக்கூடாது, சொந்தக்காரங்க மூலமா வந்த ஆளா இருந்தாலும் சரி. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒழுங்கான பேமென்ட் கம்பெனி வேணும்.

இப்ப இங்க இருக்கற வழிகள் என்னென்னன்னா, கார்டு எல்லாருக்கும் தெரியும். இன்ஸ்டன்ட் இஎஃப்டின்னா வாடிக்கையாளர் தன் பேங்க்லேர்ந்தே கட்டுவாரு, உங்களுக்கு உடனே உறுதி வந்துடும், ஓஸோ இதுல பிரபலம். இதுல சில முறையில வாடிக்கையாளர் தன் பேங்க் லாகினை இன்னொரு பக்கத்துல போட வேண்டியிருக்கும், அதைப் பாத்து பயந்து பாதியில விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க, அவங்க பயத்துல நியாயம் இருக்கு. கேப்பிடெக் பே மாதிரி வாடிக்கையாளரோட பேங்க் ஆப்புலயே ஒப்புதல் கேக்கற முறை இருக்கான்னு பாருங்க, அது அவங்களுக்கு நிம்மதி. 2023 மார்ச்ல வந்த பேஷாப், போன் நம்பரை வச்சே உடனே பணம் அனுப்பறது, ஆரம்பத்துல ஒரு தடவைக்கு 3,000 ரேண்ட்தான்னு இருந்துச்சு, அப்புறம் உயர்த்திட்டாங்க. ஸ்னாப்ஸ்கேன், ஸாப்பர் மாதிரி க்யூஆர் முறை, கோயில் திருவிழாவுல ஸ்டால் போடறவங்களுக்கு ரொம்ப வசதி.

மாசாமாசம் ஒரே ஆளுகிட்ட வாங்கறவங்களுக்கு, உதாரணமா நடன வகுப்பு, டியூஷன் ஃபீஸ், கார்டைப் பதிவு பண்ணி தானா எடுக்கற வசதியோ, வாடிக்கையாளர் முன்கூட்டியே தன் பேங்க்ல ஒப்புக்கற டெபிசெக் டெபிட் ஆர்டரோ வேணும். அது எல்லா கம்பெனியிலயும் இருக்காது, இப்பவே குறிச்சு வைங்க.

லண்டன்லயோ மெல்போர்ன்லயோ இருக்கற பொண்ணு டர்பன்ல இருக்கற அம்மாவுக்கு ஆர்டர் போடறது நம்ம கடைகள்ல நிறைய நடக்கும். அப்ப வெளிநாட்டு கார்டு எடுக்குமா, அதுக்கு ரேட் தனியான்னு கேக்கணும். பல இடத்துல தனிதான்.

5. எந்த வகை கம்பெனி உங்களுக்கு?

ரெண்டு வகை இருக்கு, இந்த வித்தியாசம் புரியாமதான் பலபேர் குழம்பறாங்க. ஒரு வகை எல்லாத்தையும் தானே பாத்துக்கும், நீங்க பேங்க்ல தனியா மெர்ச்சன்ட் அக்கவுண்ட் திறக்க வேண்டாம், பேப்பர் கொடுத்தா அவங்க கணக்குக்குக் கீழ உங்களை சேர்த்துக்குவாங்க. பேஃபாஸ்ட், யோகோ, பேஸ்டாக் எல்லாம் இப்படித்தான். இன்னொரு வகை வெறும் கேட்வே, அதாவது உங்க கடையையும் பேங்க்கையும் இணைக்கற வழி மட்டும்தான், பேங்க்கோட தனியா ஒப்பந்தம் போட்டுட்டு அதை இங்க இணைக்கணும். ரெண்டாவதுல ரேட் குறையும், ஆனா வேலையும் மாசக் கட்டணமும் அதிகம், வியாபாரம் நல்லா ஓட ஆரம்பிச்ச பிறகு யோசிக்கலாம். புதுசா வர்றவங்க முதல் வகையிலேயே ஆரம்பிங்க.

"என் தம்பி சென்னையில ரேஸர்பேங்கற இந்தியப் பேமென்ட் கம்பெனியில கணக்கு வச்சிருக்கான், அதையே போட்டுக்கலாமா?"ன்னு கேக்கறவங்க உண்டு. வேண்டாம். இங்க பதிவான தொழிலுக்கு, இங்க பேங்க் அக்கவுண்டுக்கு, ரேண்ட்ல பணம் கொடுக்கற கம்பெனிதான் வேணும், இன்னொரு நாட்டுல இன்னொருத்தர் பேருல இருக்கற கணக்குக்கு உங்க வியாபாரப் பணம் போச்சுன்னா வரியிலயும் அந்நியச் செலாவணி விதியிலயும் சிக்கல். அமெரிக்க வீடியோக்கள்ல எல்லாரும் சொல்ற ஸ்ட்ரைப்ங்கற பேமென்ட் கம்பெனியில தென்னாப்பிரிக்கத் தொழிலுக்கு நேரடியா கணக்கு திறக்க முடியாது, 2020ல பேஸ்டாக்கை வாங்கினது அவங்கதான். பேபால் இங்க வேலை செய்யும், ஆனா அதுல வர்ற பணத்தை எஃப்என்பி பேங்க் வழியாத்தான் எடுக்கணும், உள்ளூர் ஆளுங்களுக்கு விக்கறதுக்கு அது சரிப்படாது.

ஷாப்பிஃபைல கடை வைக்கப் போறீங்கன்னா ஒரு விஷயம். அவங்களோட சொந்த பேமென்ட் வசதி இங்க கிடையாது, வெளி கம்பெனியை இணைக்கும்போது ஷாப்பிஃபையும் ஒவ்வொரு விற்பனைக்கும் தனியா ஒரு சதவீதம் எடுக்கும், எவ்வளவுங்கறது உங்க திட்டத்தைப் பொறுத்தது. அதையும் சேர்த்துத்தான் கணக்கு போடணும்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும், பாசான்னு சொல்ற பேமென்ட்ஸ் அசோசியேஷன் ஆஃப் சவுத் ஆஃப்ரிக்காவோட பதிவுப் பட்டியல்ல அந்தப் பேரு இருக்கான்னு பாத்துடுங்க. அடுத்தவங்க பணத்தைக் கையில வாங்கி வச்சிருந்து கொடுக்கற வேலை, அதுக்குப் பதிவு இல்லாதவங்ககிட்ட போகக்கூடாது. இந்தப் படியோட முடிவுல உங்க கையில ரெண்டு மூணு பேருதான் மிச்சம் இருக்கணும்.

6. பணம் எப்ப கைக்கு வரும்?

வாடிக்கையாளர் கட்டினது முதல் உங்க பேங்க்ல விழற வரைக்கும் எத்தனை நாள்? சிலர் தினமும் அனுப்புவாங்க, சிலர் நீங்க கேட்டாத்தான் அனுப்புவாங்க, சிலர்கிட்ட குறைஞ்சபட்சத் தொகை சேரணும். "ரெண்டு நாள்"னு போட்டிருந்தா அது வேலை நாளான்னு பாருங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வித்தது, நடுவுல பெரிய வெள்ளி, ஈஸ்டர் திங்கள் ரெண்டும் லீவுன்னா அடுத்த புதனுக்குத்தான் வரும். இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவே அந்த நாள்லதான், பூஜை சாமான் விக்கறவங்களுக்கு அந்த வாரம் எவ்வளவு முக்கியம்னு சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் ரிசர்வ். புதுக் கணக்குக்கோ ரிஸ்க் அதிகமான தொழிலுக்கோ ஒரு பங்கை சில மாசம் பிடிச்சு வச்சுக்குவாங்க. ஒப்பந்தத்துல எந்தெந்த காரணத்துக்கு எவ்வளவு நாள் பணத்தை நிறுத்தலாம்னு இருக்கற பகுதியை ரெண்டு தடவை படிங்க.

பண்டிகைக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு ஈமெயில் போடுங்க: "இந்த வாரத்துலேர்ந்து இந்த வாரம் வரைக்கும் விற்பனை இவ்வளவு கூடும், காரணம் தீபாவளி, சரக்கு வாங்கின பில்லு இணைச்சிருக்கேன்." எனக்குத் தெரிஞ்ச ஒரு சேலைக் கடையில தீபாவளி வாரத்துப் பணம் நின்னு போச்சு, கொரியர்காரருக்கும் டெய்லருக்கும் கொடுக்க கையில காசில்லாம அவங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. அடுத்த வருஷம் முன்கூட்டியே எழுதிப் போட்டாங்க, பணம் நேரத்துக்கு வந்துச்சு.

7. இப்ப ரேட்டைப் பாருங்க

சதவீதத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. கட்டணத்துக்கு நாலு துண்டு இருக்கு: சதவீதம், ஒவ்வொரு விற்பனைக்கும் நிலையா ஒரு தொகை, அது ரெண்டுக்கும் மேல 15% வாட், அப்புறம் பணத்தை பேங்க்குக்கு அனுப்பறதுக்கும் மாசத்துக்கும் தனிக் கட்டணம்.

ஒரு உதாரணக் கணக்கு. 3.5%, கூட 2 ரேண்ட், வாட் தனின்னு வச்சுக்கோங்க. 80 ரேண்ட் முறுக்கு பாக்கெட்டுக்கு 2.80 கூட 2, மொத்தம் 4.80, வாட் சேர்த்தா 5.52. அதாவது கிட்டத்தட்ட 6.9% போயிடுது. அதே ரேட்டுல 1,500 ரேண்ட் சேலைக்கு 54.50, வாட்டோட 62.68, இது 4.2% கூட இல்ல. ஒரே கம்பெனி, ஒரே ரேட், முறுக்குக்காரருக்கு ஒரு மாதிரி, சேலைக்காரருக்கு வேற மாதிரி. அதனாலதான் முதல் படியில சராசரி ஆர்டர் எழுதச் சொன்னேன். சின்ன ஆர்டர் விக்கறவங்க நிலையான தொகை இல்லாத, இல்லன்னா குறைவான இடத்தைத் தேடணும், கூடவே குறைஞ்சபட்ச ஆர்டர் 200 ரேண்ட்னு வச்சுட்டா நிலையான தொகையால விழற அடி பாதிக்கும் கீழ குறையும்.

இன்ஸ்டன்ட் இஎஃப்டிக்கு பொதுவா கார்டை விட குறைவு. அதே சேலைக்கு 2%னு வச்சா வாட்டோட 34.50 ரேண்ட்தான். அதனால செக்அவுட்ல ரெண்டையும் வைங்க.

மாசக் கட்டணம் உள்ள திட்டம் லாபமான்னு பாக்க ஒரு எளிய வழி இருக்கு. ஒண்ணு 3.5%, மாசக் கட்டணம் இல்ல, இன்னொண்ணு 2.6%, மாசம் 250 ரேண்ட். வித்தியாசம் 0.9%. 250ஐ 0.009ஆல வகுத்தா சுமாரா 27,800. மாசம் அதுக்கு மேல விக்கறவங்களுக்குத்தான் ரெண்டாவது லாபம், அதுக்குக் கீழ இருக்கறவங்க முதலாவதுலேயே இருக்கலாம். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க கையில இருக்கற ரெண்டு மூணு கம்பெனியோட இன்னைய ரேட்டைப் போட்டுப் பாருங்க.

வாட்டுக்குப் பதிவு பண்ணினவங்க அந்தக் கட்டணத்து மேல இருக்கற வாட்டை திரும்ப எடுக்கலாம், பதிவு இல்லாதவங்களுக்கு அது முழுசா செலவு. வெப்சைட்ல போடற ரேட் பல இடத்துல வாட் இல்லாதது, அடியில பொடி எழுத்துல இருக்கும்.

திருப்பிக் கொடுத்தா நீங்க கட்டின கட்டணம் திரும்பி வருமான்னும் கேளுங்க. வராதுன்னா, 7 நாள் விதிப்படி திரும்பற ஒவ்வொரு சேலைக்கும் அது உங்க நஷ்டம்.

8. சார்ஜ்பேக்குக்கு இப்பவே தயாராகுங்க

கார்டுல கட்டினவர் தன் பேங்க்ல போய் "இது நான் வாங்கல" இல்லன்னா "சாமான் வரல"ன்னு சொன்னா பணத்தை உங்ககிட்டேர்ந்து திரும்ப எடுத்துடுவாங்க, பல சமயம் அபராதமும் சேரும். பொதுவா 120 நாள் வரைக்கும் இப்படிக் கேக்கலாம்.

இங்க உள்ளூர் கார்டுக்கு 3டி செக்யூர், அதாவது பேங்க் ஆப்புல ஒப்புதல் கேக்கறது, 2014லேர்ந்து கட்டாயம். அது நடந்திருந்தா "நான் வாங்கல"ங்கற வகை புகாருக்கு பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த பேங்க்குக்குப் போயிடும். ஆனா "சாமான் வரல", "காட்டினது ஒண்ணு அனுப்பினது ஒண்ணு"ங்கறதுக்கு எந்த பாதுகாப்பும் இல்ல, அதுக்கு ஆதாரம் நீங்கதான் வச்சிருக்கணும். கொரியர் வேபில், கையெழுத்து, பார்சல் கட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, வாட்ஸாப் பேச்சு, எல்லாம் ஆர்டர் நம்பர் போட்டு ஒரு ஃபோல்டர்ல வைங்க. பதில் கொடுக்க சில நாள்தான் தருவாங்க, அப்ப தேட நேரம் இருக்காது.

இன்ஸ்டன்ட் இஎஃப்டியில சார்ஜ்பேக் கிடையாது, அது உங்களுக்கு நல்லது. ஆனா ரீஃபண்டுன்னு வந்தா ஒரு பட்டன்ல முடியாம வாடிக்கையாளரோட பேங்க் விவரம் வாங்கி அனுப்பற மாதிரி இருக்கலாம்.

9. கடையோட இணைக்கறது

மூணு வழி. வாட்ஸாப்புலயே விக்கறவங்களுக்கு பேமென்ட் லிங்க் போதும், தொகையைப் போட்டு லிங்க் அனுப்பினா அவங்க கட்டிடுவாங்க, வெப்சைட்டுக்கு செலவு பண்ணாமலே இப்படி ஆரம்பிக்கலாம். வூகாமர்ஸ், ஷாப்பிஃபை மாதிரி ஆன்லைன் கடை மென்பொருள்னா ப்ளகின், அதாவது இணைச்சுக்கற சின்ன மென்பொருள் இருக்கும். மூணாவது, புரோகிராமரை வச்சு எழுதறது, சின்னக் கடைக்கு அது தேவையே இல்ல.

எதுவா இருந்தாலும் கார்டு நம்பரை வாடிக்கையாளர் பேமென்ட் கம்பெனியோட பக்கத்துலதான் போடணும், உங்க சைட்டுல இல்ல. கார்டு விவரம் உங்க சர்வருக்கு வந்துட்டா பிசிஐங்கற கார்டு பாதுகாப்பு விதிகள் முழுசா உங்க தலையில வந்துடும். போன்ல கார்டு நம்பர் சொல்றேன், எழுதிக்கோன்னு சொல்றவங்ககிட்டயும் வேண்டாம்னு சொல்லுங்க, தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கற போபியா சட்டம் 2021 ஜூலைலேர்ந்து முழு அமல்ல இருக்கு, அடுத்தவங்க விவரம் உங்க நோட்டுல இருந்து போச்சுன்னா பொறுப்பு உங்களோடது.

ப்ளகின் போடறப்ப வர்ற தடங்கல் கிட்டத்தட்ட எப்பவும் இதேதான்: வாடிக்கையாளர் கட்டிட்டாரு, பேமென்ட் கம்பெனி கணக்குலயும் பணம் தெரியுது, ஆனா கடையில ஆர்டர் மட்டும் "பெண்டிங்"லயே நிக்குது. காரணம், பணம் வந்ததும் அவங்க சர்வர் உங்க சைட்டுக்கு பின்வழியா ஒரு செய்தி அனுப்பும், பேஃபாஸ்ட்ல அதுக்கு ஐடிஎன் (ITN)னு பேரு, மத்த இடத்துல வெப்ஹுக்னு சொல்லுவாங்க. அந்தச் செய்தி உங்க சைட்டுக்குள்ள வரலன்னா ஆர்டர் நகராது. "விரைவில்" பூட்டு இன்னும் போட்டிருக்கா, செக்யூரிட்டி ப்ளகின் தடுக்குதா, இதை முதல்ல பாருங்க. அடுத்தது பாஸ்ஃப்ரேஸ்ங்கற ரகசியச் சொல், பேமென்ட் கணக்குல ஒண்ணும் ப்ளகின்ல ஒண்ணும் இருந்தா, காப்பி பண்ணும்போது கடைசியில ஒரு இடைவெளி ஒட்டிக்கிட்டாலே போதும், கையொப்பம் ஒத்துப்போகலன்னு எல்லாமே நிக்கும். மெர்ச்சன்ட் ஐடி, கீ, பாஸ்ஃப்ரேஸ் மூணையும் அழிச்சுட்டு மறுபடி ஒட்டுங்க, பெரும்பாலும் சரியாயிடும்.

"நன்றி, உங்கள் ஆர்டர் கிடைத்தது"ங்கற பக்கத்தை வச்சு பணம் வந்துடுச்சுன்னு முடிவு பண்ணக்கூடாது. அந்தப் பக்கத்தை யாரு வேணும்னாலும் திறக்கலாம். பின்வழிச் செய்தி வந்து ஆர்டர் மாறினாத்தான் பார்சல்.

10. திறக்கறதுக்கு முன்னாடி நிஜப் பணத்துல சோதனை

டெஸ்ட் மோடுல ஓடினா போதும்னு விட்டுடாதீங்க. டெஸ்ட் மோடை அணைக்க மறந்து கடையைத் திறந்து, ஆர்டர் மேல ஆர்டர் வந்து ஒரு சென்ட் கூட வராத கதை நிறைய இருக்கு. 10 ரேண்டுக்கு ஒரு பொருள் போடுங்க. உங்க கார்டுல ஒண்ணு, வேற பேங்க் வச்சிருக்கற அக்கா கார்டுல ஒண்ணு, இன்ஸ்டன்ட் இஎஃப்டியில ஒண்ணு, பழைய சின்ன போன்லேர்ந்து ஒண்ணு வாங்குங்க. வேணும்னே பாதியில நிறுத்தியும் பாருங்க, அப்ப ஆர்டர் என்ன ஆகுதுன்னு தெரியணும்.

அப்புறம் ஒண்ணை ரீஃபண்ட் பண்ணுங்க. எத்தனை நாள்ல போகுது, எவ்வளவு பிடிச்சாங்க. அந்த அக்காவோட பேங்க் ஸ்டேட்மென்ட்ல என்ன பேரு வந்திருக்குன்னும் பாருங்க. கடைப் பேரு இல்லாம புரியாத எழுத்தா வந்துச்சுன்னா மாத்தச் சொல்லுங்க, ஏன்னா "இது என்ன செலவு, எனக்குத் தெரியாதே"ன்னு சார்ஜ்பேக் போடறவங்கள்ல நிறைய பேரு ஏமாத்துக்காரங்க இல்ல, பேரு அடையாளம் தெரியாதவங்க.

இதே சமயத்துல சப்போர்ட்டுக்கும் ஒரு கேள்வி அனுப்புங்க, சனிக்கிழமை அனுப்புங்க. எப்ப பதில் வருதுங்கறது கையெழுத்துக்கு முன்னாடி தெரியறது நல்லது. ரெண்டு கம்பெனி சமமா நின்னா, ரேட் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லன்னு பதில் சொல்ற கம்பெனியைத்தான் நான் எடுக்கச் சொல்லுவேன்.

11. கையெழுத்தும் முதல் மாசமும்

ஒப்பந்தத்துல மூணு இடம் பாருங்க: எவ்வளவு காலம் கட்டுப்பாடு, வெளிய வர எத்தனை நாள் முன்னறிவிப்பு, மாசாமாசம் எடுக்கறதுக்காக பதிவான கார்டு விவரங்களை வேற கம்பெனிக்கு மாத்தித் தருவாங்களா. மூணாவது இல்லன்னா பின்னாடி மாறும்போது ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மறுபடி கார்டு போடச் சொல்லணும், பாதி பேரு போட மாட்டாங்க.

மாசக் கட்டணம் இல்லாத இன்னொரு கம்பெனியில கூடவே ஒரு கணக்கு திறந்து, சரிபார்ப்பு முடிச்சு, பேமென்ட் லிங்க் மட்டும் தயாரா வச்சிருங்க. முதல் கம்பெனி பண்டிகை நேரத்துல நின்னா வாட்ஸாப்புல லிங்க் அனுப்பி வியாபாரத்தை ஓட்டலாம், அந்த நேரத்துல புதுசா விண்ணப்பம் போட்டா முடியாது.

முதல் மாசம் வாரத்துக்கு ஒருநாள் மூணு பட்டியலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க: கடை ஆர்டர், பேமென்ட் கம்பெனி ஸ்டேட்மென்ட், பேங்க். பேங்க்ல கட்டணம் கழிச்ச தொகைதான் வரும். கணக்குப் புத்தகத்துல அதையே விற்பனைன்னு எழுதறது ரொம்ப பேர் செய்யற தப்பு. 1,500க்கு வித்தா விற்பனை 1,500, பிடிச்ச 62.68 தனியா செலவு. வரி ஆபீஸான சார்ஸுக்கு காட்டற வருமானமும், வாட் பதிவுக்கான வரம்பைத் தாண்டினீங்களாங்கறதும் அந்த முழுத் தொகையை வச்சுத்தான், அதனால ஸ்டேட்மென்டை மாசாமாசம் டவுன்லோட் பண்ணி சேமிச்சு வைங்க, கணக்கை மூடிட்டா பழசை எடுக்க முடியாம போகலாம்.